தோளில் இருந்த கை

அந்தோனியம்மாள் இறந்த பிறகு அந்த வீட்டு வாசலில் யாரும் யாரையும் கையைத் தூக்கச் சொல்லவில்லை.

புக்கிட் மேராவில் ஒரு பழைய புளோக், லிஃப்ட் நிற்காத நாலாவது மாடி. சவரிராஜ் செம்பவாங் கப்பல் பட்டறையில் தண்டலாக இருந்து ஓய்வு பெற்றவர். தண்டல் என்றால் பாரம் தூக்கும் கும்பலுக்குத் தலைவர். கிரேனில் தொங்கும் இரும்பு எங்கே போக வேண்டும், எங்கே போகக்கூடாது என்று கையாட்டிச் சொல்கிறவர். அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. கம்பிக் கயிறு அறுந்தாலும் பாரம் சரிந்தாலும், சத்தம் அடங்கியதும் தண்டல் முதலில் "கையத் தூக்கு!" என்றுதான் கத்துவார். தமிழனோ மலாய்க்காரனோ சீனனோ, நின்ற இடத்திலேயே இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். தூக்காதவன் எங்கே கிடக்கிறான் என்று அப்புறம் தேடுவார்கள். வெள்ளைக்காரன் இருந்த காலத்திலும் அப்படித்தான், அவன் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகும் அப்படித்தான்.

அந்த வழக்கத்தை வீட்டுக்குக் கொண்டு வந்தது அந்தோனியம்மாள். கணவருடைய இடது கையில் இரண்டு விரல் போன வருஷத்திலிருந்து, வேலை முடிந்து வருகிற மனிதர் வாசலில் நின்று கையைத் தூக்கிக் காட்டினால்தான் உள்ளே விடுவார். மிச்சம் இருக்கிற விரல்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, வாங்க" என்பார். விளையாடிவிட்டு வரும் பிள்ளைகளுக்கும் அதே சட்டம்தான். சண்டை போட்டுவிட்டு வந்தாலும், பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு வந்தாலும், கையைத் தூக்கிக் காட்டியவர்களுக்கு "சரி, வா" உண்டு. அடியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மூத்தவள் உர்சுலா. இளையவன் எட்மண்ட். உர்சுலா அந்த வாசலை மிதித்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. அவள் சேதுபதியைக் கட்டிக்கொண்டாள். ரிஜிஸ்டர் ஆபீசில் ஒரு தடவை, டேங்க் ரோடு முருகன் கோயிலில் ஒரு தடவை. சேதுபதி சவரிராஜின் கும்பலில் நின்ற பையன். முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்ததே சவரிராஜ்தான். வேதம் மாறிப் போனாள் என்ற கோபம் ஒன்று. தான் கூட்டிக்கொண்டு வந்து சோறு போட்டவன் தன் வீட்டுக்குள்ளேயே முடிச்சுப் போட்டுவிட்டான் என்ற அவமானம் இன்னொன்று. இரண்டில் எது பெரியது என்று அவருக்கே தெரியாது. அன்றிலிருந்து மகளின் பெயரை அவர் வாயால் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வந்தால் "அது" என்பார்.

அந்தோனியம்மாள் ஒரு காலைப்பொழுதில் இகான் பிலிஸ் என்கிற நெத்திலிக் கருவாட்டை ஆய்ந்துகொண்டே மேசையில் சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. கீழே, தூண்கள் மட்டும் நிற்கும் வாய்ட் டெக்கில் பெட்டியை வைத்தார்கள். உர்சுலா வந்து தபால் பெட்டிகளுக்குப் பக்கத்துத் தூணோரம் நின்றாள். சவரிராஜ் பார்த்தார். பார்த்துவிட்டு மகனைக் கூப்பிட்டு, "அது கிட்ட வந்துச்சுன்னா நான் எழுந்து போயிடுவேன், பொணத்த நீயே தூக்கிக்க" என்றார். உர்சுலா கிட்டே வரவில்லை. கல்லறையிலும் எல்லாரும் பஸ் ஏறிய பிறகுதான் போய் மண் போட்டாள். பெற்ற தாய் முகத்தைத் தூணுக்குப் பின்னாலிருந்து பார்க்க வைத்த அந்தப் பிடிவாதத்தை என்ன சொல்வது? அந்த மனிதருக்கு அன்றைக்கு நெஞ்சு இருந்த இடத்தில் கப்பல் தகடு இருந்தது.

முப்பதாம் நாள் பூசை ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலில். பூசைக்கு வருகிறவர்களுக்கு நினைவு அட்டை கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் இறந்தவர் படம், மறுபக்கம் ஜெபம். அங்கேதான் சிக்கல். அந்தோனியம்மாளுக்குப் படமே இல்லை. யாராவது கேமராவை எடுத்தால் அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று ஓடிவிடுகிற பெண்மணி. பெட்டிக்கு முன்னால் வைத்தது ஐசி அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது. அதில் அவர் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த மூஞ்சிய அட்டையில போடாதடா. இது உங்கம்மா இல்ல" என்றார் சவரிராஜ்.

"வேற எது இருக்குப்பா?"

"தேடு. நீ என்னமோ படத்துக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல வேல பாக்குறேன்னு சொல்ற. தேடிப் பாரு."

எட்மண்ட் யீஷுனுக்குப் போனான். அப்பாவுக்குத் தெரியாமல் அக்கா வீட்டுக்குப் போவது அவனுக்குப் புதிது அல்ல. சேதுபதி இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தான். உர்சுலா டீயும் தாளித்த கொண்டைக்கடலையும் கொண்டு வந்து வைத்தாள். அவள் மகள், இரண்டு வயது மங்களா, மாமன் காலைக் கட்டிக்கொண்டு நின்றது. வெளியே மழை பெய்ய, காரிடாரில் காயப்போட்ட துணிக் கம்புகளை உள்ளே இழுத்துவிட்டு உர்சுலா வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு படம் இருக்குடா. அம்மா சிரிக்கிற படம் அது ஒண்ணுதான்" என்று ஆல்பத்தைத் திறந்தாள்.

அந்தோனியம்மாள் இதே சோபாவில் உட்கார்ந்திருந்தார். ஆரஞ்சுப் பூப்போட்ட சேலை. மடியில் மங்களா. பின்னால் உர்சுலா குனிந்து, அம்மாவின் வலது தோளில் கையை அழுத்தி வைத்திருந்தாள். சுவரில் முருகன் படம். அம்மா வாய் விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார், பக்கத்துப் பல் ஒன்று இல்லாதது தெரிகிற அளவுக்கு.

"அம்மா எப்படிக்கா கேமராவுக்கு நின்னாங்க?"

"எங்க நின்னாங்க! ஓடப் பாத்தாங்க. நான்தான் தோளப் புடிச்சு அழுத்தி உக்கார வச்சேன். இவரு டக்குனு எடுத்துட்டாரு. அதுக்குத்தான் அந்தச் சிரிப்பு."

சனிக்கிழமை தோறும் அந்தோனியம்மாள் நொவேனா ஜெபத்துக்குப் போவார். போனது உண்மைதான். நொவேனா முடிந்ததும் கோயில் வாசலிலேயே வடக்கே போகும் பஸ் ஏறி யீஷுனுக்கு வந்துவிடுவார் என்பதை மட்டும் கணவரிடம் சொல்லவில்லை. பையில் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் மிளகாய்ச் சம்பல் டப்பா இருக்கும். மாதா எதையும் போட்டுக்கொடுக்க மாட்டாள் என்ற நம்பிக்கை.

"இதுல நீ இருக்க. பாப்பா இருக்கு. அப்பா பாத்தா..."

"என்ன வெட்டிடு. பாப்பாவையும் வெட்டிடு. சாமி படத்தையும்தான்." உர்சுலா சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே, "ஒண்ணு மட்டும் கேளுடா அப்பாகிட்ட. பூசைக்கு நான் வந்து உங்ககூட முன் பெஞ்சுல உக்காரலாமா? பேசக்கூட வேணாம். அட்டையில பேரு போட வேணாம். அம்மா பூசைக்கு அம்மா பிள்ளையா உக்காரணும். அவ்வளவுதான்."

எட்மண்ட் அன்று மாலையே கேட்டான். சவரிராஜ் கஞ்சிக்குக் கருவாடு சுட்டுக்கொண்டிருந்தார். மனைவி போன பிறகு அவர் சமைக்கக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். வீடு முழுக்கப் புகை.

"அப்பா, முப்பதுக்கு அக்கா வரணும்னு சொல்லுது. நம்ம பெஞ்சுல உக்காரணுமாம்."

அவர் கருவாட்டைத் திருப்பிப் போட்டார். "கோயில் என் வீடு இல்ல. யாரு வேணாலும் வரலாம்."

"நம்ம பெஞ்சுலப்பா."

"என் பெஞ்சுல நீயும் நானும். அவ உயிரோட இருந்தப்ப வராதது, செத்தப்புறம் எதுக்கு? அவ எத்தன ராத்திரி அழுதான்னு அதுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்ல எட்மண்டுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் சனிக்கிழமைகள் எல்லாம் வெளியே வந்துவிடும். இறந்துபோன அம்மாவை அப்பாவிடம் பொய்க்காரியாக நிறுத்த அவனுக்கு மனசு வரவில்லை. கஞ்சியைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டான்.

அவன் வேலை பார்த்த இடம் டோபி காட்டுக்குப் பக்கத்தில், எம்ஆர்டி ரயிலுக்காகத் தோண்டிப் போட்ட குழிகளைத் தாண்டி, ஒரு கடைவீட்டின் மாடி. கம்பெனிகளுக்கு ஸ்லைடு செய்து கொடுப்பார்கள். அங்கே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதற்கென்று தனி ஏர்கான், தனிப் பூட்டு. படத்தை மேசையில் வைத்து மேலே மாட்டியிருக்கும் கேமராவால் பிடித்தால் திரையில் வந்து நிற்கும். பிறகு பேனா மாதிரி ஒன்றைப் பலகையில் தேய்த்துத் தேய்த்து வேலை செய்ய வேண்டும். கூட வேலை பார்த்த ரஷீதாவும் எட்மண்டும்தான் அதைத் தொடலாம்.

வேலை நேரம் முடிந்த பிறகு முதலாளியிடம் கேட்டுக்கொண்டு எட்மண்ட் அம்மாவைத் திரைக்குக் கொண்டு வந்தான்.

"யாரு, உன் அக்காவா?" என்றாள் ரஷீதா, பையைத் தோளில் மாட்டியபடி.

"ஆமா. இவளத்தான் எடுக்கணும்."

"அழகா இருக்காங்களே. ஏன் எடுக்கணும்?"

"அப்பா."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அவள் வீட்டிலும் ஓர் அப்பா இருந்தார்.

திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள் உண்டு, சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று. இந்தக் கம்ப்யூட்டரில் நான்காவதாக ஓர் எண்ணும் இருந்தது. அந்தப் புள்ளி எவ்வளவு தெரிய வேண்டும் என்பது அதன் கணக்கு. ஆல்ஃபா என்பார்கள். உச்ச எண் கொடுத்தால் புள்ளி முழுசாகத் தெரியும். பூஜ்யம் கொடுத்தால் கண்ணாடி மாதிரி ஆகி, பின்னால் என்ன வைக்கிறோமோ அது தெரியும். நடுவில் கொடுத்தால் பாதி இது, பாதி அது. இதில் ஒரு நல்ல குணம், எதுவும் அழிவதில்லை. பூஜ்யம் கொடுத்த புள்ளியும் தன் சிவப்பு பச்சை நீலத்தோடு அங்கேயேதான் இருக்கும், பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அந்தோனியம்மாள் ஆறு வருஷமாகச் சனிக்கிழமைகளை வைத்திருந்ததும் இப்படித்தான்.

எட்மண்ட் முருகனை மறைத்தான். சோபாவை மறைத்தான். அட்டைக்குத் தலையும் தோளும் போதும் என்று மடியோடு மங்களாவை மறைக்கும்போது குழந்தையின் கால் கொலுசு கடைசிவரை மின்னிக்கொண்டிருந்தது. அக்காவின் முகத்துக்கு வந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். அம்மாவின் நரைமுடியும் அக்காவின் சேலையும் கலந்திருந்த ஓரத்தில் முடி முடியாக நடு எண் கொடுத்தான். பின்னால் வெளிர் நீலம் வைத்தான். அம்மா வானத்தில் தனியாகச் சிரித்தார்.

தோளில் கை மட்டும் நின்றது.

அதை மறைத்தால் தோளே ஓட்டையாகிவிடும். கைக்குக் கீழே இருந்த சேலையைக் கேமரா பார்க்கவே இல்லையே, அப்புறம் எப்படித் தெரியும்? மறைப்பு வேலை அங்கே பலிக்காது. அந்தக் கையின் மேலேயே வண்ணம் பூச வேண்டும். இடது தோளிலிருந்து ஆரஞ்சுப் பூக்களை எடுத்து வந்து, அக்காவின் விரல்கள் மேல் ஒவ்வொன்றாக வைத்தான். மோதிர விரல், கட்டை விரல், மணிக்கட்டு. இது மறைப்பு இல்லை, அழிப்பு. பூசிய பிறகு கீழே கை இல்லை. அது தெரிந்துதான் செய்தான். செய்து முடித்தபோது அழுகை வந்தது. யாரும் இல்லாததால் அழுதான்.

மறுநாள் சவரிராஜ் வந்து பார்த்தார். மழைக்குப் பிடித்து வந்த குடையை மடக்கிப் படியிலேயே உதறிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கோயிலுக்குள் வருகிற மாதிரி அந்த ஏர்கான் அறைக்குள் வந்தார். திரையைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"இதுதாண்டா." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "இதுதான் அவ. எங்க எடுத்தது?"

"கோயில் பங்கு பிக்னிக்லப்பா. ஈஸ்ட் கோஸ்ட்ல."

"யாரு சிரிக்க வச்சது?"

எட்மண்ட் பேனாவை எடுத்துப் பலகையில் நேராக வைத்தான். அவர் எழுந்து திரைக்குக் கிட்டே போனார். மூன்று விரல் கையை அம்மாவின் வலது தோளுக்கு நேரே காற்றில் வைத்தார்.

"இந்தத் தோளு ஏன் இப்படி எறங்கியிருக்கு? ஏதோ பாரம் வச்ச மாதிரி."

"உக்காந்திருந்த சாய்வுப்பா."

"ம்ம்." இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்த நீலம் ரொம்ப வெளிறிக் கெடக்கு. மாதா கோயில் நீலம் இருக்குல்ல, அந்த மாதிரி போடு. பொறவு நல்லா இல்லன்னா மாத்திக்கலாம்ல?"

"மாத்திக்கலாம்பா."

மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னதில்தான் வினை வந்தது. அம்மாவையும் நீலத்தையும் சேர்த்து ஒரே படமாக உருக்கி டிஸ்கில் எழுதியிருக்க வேண்டும். அப்பா இன்னும் இரண்டு தடவை நிறத்தை மாற்றச் சொல்வார் என்று எட்மண்ட் மறைப்பைத் தனியாகவே வைத்திருந்தான். பிலிம் எடுத்துக் கொடுக்கும் இடத்துக்கு ரஷீதாவிடம் அப்படியே கொடுத்தும் அனுப்பிவிட்டான். அந்த இடத்து இயந்திரத்துக்கு மூன்று எண்கள்தான் தெரியும். நான்காவது என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. தெரியாததை விட்டுவிட்டு, தெரிந்ததை எல்லாம் பிலிமில் பதித்துவிட்டது. வேண்டுமென்றே செய்தானா என்று பிற்பாடு கோயில் பங்கில் பலர் கேட்டார்கள். சத்தியமாக இல்லை. அவன் அவ்வளவு தைரியசாலி கிடையாது.

அந்த பிலிமிலிருந்து போட்டோ போட்டு, அட்டையில் ஒட்டி, ஜெபம் அச்சடித்துக் கொடுத்தது டன்லப் ஸ்திரீட் நாகூர் கனி. சின்ன அச்சகம், பெரிய மனசு. எட்மண்ட் திரையில் செய்து வைத்த படத்தை அவர் பார்த்ததில்லை. வந்த படத்தைப் பார்த்தார், தாயும் மகளும் பேத்தியும் என்று நினைத்துக்கொண்டு, ஆட்களை வைத்து ஒட்டி முடித்தார். பூசை அன்று மத்தியானம் எட்மண்ட் ஆபீசிலிருந்து போன் போட்டபோது, "படம் கண்ணுக்குள்ள நிக்குது தம்பி. நீங்க அலையாதீங்க, நானே கோயிலுக்குக் கொண்டாந்துர்றேன்" என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. கோயில் முற்றத்து ஈரத்தில் பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பட்டறையில் கூட வேலை பார்த்தவர்கள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். பூசைக்குப் பிறகு கொடுக்கக் கேக்கும் கடலையும் ஒரு மேசையில் மூடி வைத்திருந்தது. நாகூர் கனி பழுப்புக் காகிதம் சுற்றிய பெட்டியை வாசல் நிலையோரம் இறக்கினார்.

"பாருங்க தண்டல்" என்று சொல்லி ஒதுங்கி நின்றார்.

சவரிராஜ் கயிற்றை அறுக்கவில்லை. முடிச்சை முறையாக அவிழ்த்தார். மேல் அட்டையை எடுத்தார்.

எட்மண்ட் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தான். சோபா இருந்தது. முருகன் இருந்தார். மங்களா கொலுசோடு இருந்தது. பின்னால் அக்கா குனிந்து, பொட்டோடும் தாலியோடும், முகம் நிறையச் சிரித்துக்கொண்டு இருந்தாள்.

"அப்பா. அப்பா, குடுங்க. மிஷின் தப்பு. நான் மறச்சுத்தான் வச்சேன். இத யாருக்கும் குடுக்க வேணாம், குடுங்க."

சவரிராஜ் கொடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். வாசல் விளக்குக்கு நேரே அட்டையைப் பிடித்தார். பின்னால் வந்தவர்கள் நின்றார்கள். நாகூர் கனி எட்மண்டின் முகத்தைப் பார்த்து ஏதோ ஆகிவிட்டது என்று புரிந்துகொண்டார்.

"தண்டல், நான் ஏதும் தப்பு பண்ணிட்டேனா?"

"இல்ல பாய்." கண் அட்டையிலேயே இருந்தது. "இது யாரு வீடுடா?"

எட்மண்டால் இனிப் பொய் சொல்ல முடியவில்லை. "அக்கா வீடு."

"எப்ப எடுத்தது?"

"போன வருஷம்."

"சனிக்கிழமையா?"

"ஆமாப்பா."

"நொவேனா" என்றார் சவரிராஜ். கோபமாகச் சொல்லவில்லை. பல நாளாகப் பொருந்தாமல் தட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று பொருந்தின மாதிரி சொன்னார். "வரும்போது அவ மேல பவுடர் வாசம் வரும். கொழந்த பவுடர். கோயில்ல யாரோ பிள்ளைய வச்சிருந்தேன்னு சொல்லுவா. நானும் மடையன் மாதிரி..."

நிறுத்திக்கொண்டார். அவள் அழுதாள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்த மனிதர், அவள் வாய் விட்டுச் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருஷமும் அழுதது யார் என்று அந்த வாசலில்தான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். எட்மண்ட் பெட்டியை மூடப் போனான். அதற்குள் அவர் அட்டையைக் கண்ணுக்கு இன்னும் கிட்டே கொண்டு போனார். அம்மாவின் வலது தோளுக்கு. உர்சுலாவின் கை அந்தத் தோளை நோக்கி வந்தது. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது. அதற்கு அப்புறம் ஆரஞ்சுப் பூக்கள்தான் இருந்தன.

சவரிராஜின் முகம் மாறியது. பட்டறையில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்த முகம் தெரியும்.

"உர்சுலா கை எங்கடா?"

அந்தப் பெயரை அவர் சொன்னதை எட்மண்ட் முதலில் கவனிக்கவே இல்லை.

"டேய், உன்னத்தான் கேக்குறேன். உர்சுலா கை எங்க?"

"மத்ததெல்லாம் மறச்சேன்பா." அவன் அட்டையைத் தொட்டுக் காட்டினான். "மறச்சது திரும்ப வந்துருச்சு. கைய மறைக்க முடியல. அது அம்மா மேல இருந்துச்சு. அத மட்டும் அழிச்சிட்டேன்."

"அழிச்சிட்டியா?"

"நீங்கதான என் பெஞ்சுல நீயும் நானும்னு சொன்னீங்க."

சவரிராஜ் கண்ணாடியைக் கழற்றினார். அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குள்ளே பார்த்தார். முதல் மணி அடித்தது. பாடகர்கள் தொண்டையைச் சரி செய்துகொண்டிருந்தார்கள். கடைசித் தூணோரம், வாசல் கதவுக்குக் கிட்டே, உர்சுலா நின்றிருந்தாள். இடுப்பில் மங்களா தூங்கி வழிந்துகொண்டிருந்தது. சேதுபதி வெளியே மதிலோரம் நின்றுவிட்டான். மாமனார் கண்ணில் படக்கூடாது என்ற மரியாதை.

அப்பா தன்னை நோக்கி வருவதை உர்சுலா பார்த்தாள். போகச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தாள். வேறு என்ன நினைப்பாள்? குழந்தையைத் தூக்கிச் சரி செய்துகொண்டு பக்கவாசல் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"நில்லு."

நின்றாள்.

சவரிராஜ் அவளுக்கு எதிரே வந்து நின்றார். முகத்தைப் பார்க்கவில்லை. முந்தானையில் மறைந்திருந்த கையைத் தேடினார்.

"கையத் தூக்கு."

கோயிலுக்குள் அந்தக் குரல் கொஞ்சம் பலமாகவே கேட்டது. பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பட்டறை ஆட்கள் இரண்டு பேர் தங்களை அறியாமல் கையைத் தூக்கி, பிறகு வெட்கப்பட்டு இறக்கிக்கொண்டார்கள். உர்சுலா அப்பாவைப் பார்த்தாள். மெல்ல வலது கையை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கினாள்.

"ரெண்டும்."

"பாப்பா இருக்குப்பா" என்றாள். ஆறு வருஷத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை.

அவர் இரண்டு கையையும் நீட்டினார். ஐந்து விரல் கை ஒன்றும், மூன்று விரல் கை ஒன்றும். உர்சுலா குழந்தையை அந்தக் கைகளில் வைத்தாள். மங்களா விழித்து, முன்பின் தெரியாத கிழவரைப் பார்த்து அழலாமா என்று யோசித்தது. பிறகு விரல் இல்லாத இடத்தைத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தது. குழந்தையின் கழுத்தில் பவுடர் இருந்தது. சவரிராஜ் கண்ணை மூடித் திறந்தார்.

இரண்டாவது மணி அடித்தது. சாமியார் பீடத்துக்கு வந்துவிட்டார். கோயில் முழுக்க எழுந்து நின்றது. உர்சுலா தூணோரம் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, கன்னத்தில் வழிவதைத் துடைக்க வழியில்லாமல் நின்றாள். சவரிராஜ் வலது கையைப் பார்த்தார். இடது கையைப் பார்த்தார். எல்லா விரலையும் பார்த்தார்.

"சரி, வா" என்றார்.